ஆனியில் கடைசி முகூர்த்தம்

1970 ஜூன் 8, திங்கள்

இன்று நூற்றெழுபது கோப்பைக்குக் காது ஒட்டினேன். மேஸ்திரி அதைப் பிடி என்பார், நாங்கள் காது என்போம். ஈரம் சரியாக இல்லாவிட்டால் சூளையிலிருந்து காது தனி, கோப்பை தனியாக வரும். மேற்குக் காற்று அடிக்கிறது, கையில் எடுப்பதற்குள் மண் காய்ந்துவிடுகிறது. பதினொன்று போச்சு.

வீட்டுக்கு வந்தால் ராஜமாணிக்கம் மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. நடுவில் வெற்றிலைத் தட்டு. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒங்கண்ணன் சாமிதுரைக்குப் பொண்ணு அமைஞ்சுடுச்சு அமிர்தம். பெண்ணாடத்துக்குப் பக்கம். கரும்புக்காரங்க வூடு. பொண்ணு பேரு பாஞ்சாலை" என்றார் மாமா.

அண்ணனுக்கு மூன்று வருஷத்தில் ஏழு இடம் தட்டிப்போனது. மண் பிசைகிற மிஷின் அவன் இடது கையில் நான்கு விரலைத் தின்றுவிட்டது. இப்போது அதே பட்டறையில் வாட்ச்மேன். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் துண்டை அந்தக் கைமேல் போட்டுக்கொண்டு உட்காருவான். யாராவது தாம்பூலத்தை ரெண்டு கையாலும் வாங்கச் சொன்னால் தெரிந்துவிடும். அதனால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்.

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. பொண்ணு கொடுத்தா, பொண்ணு எடுக்கணும்."

எடுக்க வேண்டிய பெண் நான். பாஞ்சாலையின் அண்ணன் கோவிந்தராசுவுக்கு என்னைக் கொடுத்தால், பாஞ்சாலை எங்கள் வீட்டுக்கு வருவாள். அவனுக்கு வயது முப்பத்தாறு. முதல் பெண்சாதி கால் தவறிக் கிணற்றில் விழுந்து செத்துவிட்டாளாம். ஒரே பந்தல், ஒரே சமையல், ரெண்டு தாலி.

அப்பா இருந்திருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது. அவரும் வெற்றிலைதான் போட்டிருப்பார்.

ஜூன் 9

சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தெரியும் அல்லவா!

ஜூன் 14, ஞாயிறு

கோவிந்தராசு வந்தான். 'வந்தார்' என்று எழுதக் கை வரவில்லை. என்னிடம் ஒரே கேள்வி கேட்டான்: "அந்த மண்ணு வேலைய எப்ப நிறுத்தற?" நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "நின்னுடுமுங்க, நின்னுடும்" என்றாள். என்னைப் பார்த்தும் சொன்னாள், அவனைப் பார்த்தும் சொன்னாள்.

போகும்போது வாசலில் படுத்திருந்த நாயை அவசியமே இல்லாமல் உதைத்தான். கோபத்தில் உதைக்கவில்லை. வெற்றிலை எச்சில் துப்புகிற மாதிரி உதைத்தான்.

ஆனியில் கடைசி முகூர்த்தம். ஜூலை பத்து.

ஜூன் 25, வியாழன்

இன்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். பெண் என்ன எருமுட்டையா, இந்தப் பக்கம் ஒன்று வைத்து அந்தப் பக்கம் ஒன்று எடுக்க? இதெல்லாம் சொல்ல நினைத்தேன். "அண்ணே, எனக்கு வேணாம்" என்பது மட்டும்தான் வந்தது.

குனிந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான்.

"வேணாம்னா வுட்டுடும்மா. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். பழகிடுச்சு."

திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். இதற்கு நான் என்ன செய்வேன்? நடித்தானா என்று யோசித்தேன். இல்லை. அவனுக்கு நடிக்கத் தெரியாது.

ஜூலை 3, வெள்ளி

பட்டறையில் கடைசி நாள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று பெண்கள் ஆளாளுக்கு சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள். மருதாணி காய்வதற்குள் எதையும் தொடாதே. குப்புறப் படுக்காதே. பாலைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் படு. அழாதே, கண் வீங்கினால் போட்டோவில் தெரியும்.

"போட்டோ எடுக்கறவன் வந்தா பாக்கலாம்" என்றாள் பெரியநாயகி. என் பக்கத்துப் பலகையில் காது ஒட்டுபவள். ஊர் கம்மாபுரம். இங்கே ஒண்டுக் குடித்தனத்தில் தனியாக ஓர் அறை எடுத்து இருக்கிறாள். அதற்காக அவளைப் பற்றிப் பேசாத வாய் இந்த ஊரில் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "விடியக்காலம் பெண்ணாடத்துலருந்து பாசஞ்சர் இருக்குது. இங்க நம்மூர்ல இறங்காத. நேரா கடலூர் போயிடு. எங்க அக்கா வூட்டு அட்ரஸ் இது. அப்புறம் பாத்துக்கலாம்."

"எங்கண்ணன்?"

"ஒங்கண்ணன் கல்யாணமும் நின்னு போவும். ஒண்ணு உன் கழுத்து, இல்ல அவன் கல்யாணம். ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லணும். எங்கிட்ட கேக்காத."

இப்படிப் பேசுபவள் அவள் ஒருத்திதான்.

ஜூலை 9, வியாழன். இரவு

அவர்கள் ஊர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஊரில்தான் கல்யாணம். பெண்ணை முந்தின நாளே அழைத்து வந்துவிடுவார்கள். கூண்டு வண்டியில் வந்து இறங்கினேன். ஆரத்தி எடுத்தார்கள். கோவிந்தராசுவின் அத்தை காசியம்மாள் அந்த மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரில் விரலை நனைத்து என் நெற்றியில் வைத்தாள். அளந்து நட்ட எல்லைக்கல்லில் பெயின்ட் வைத்த மாதிரி இருந்தது.

பந்தலில் ஒரு மணி நேரம் சண்டை. யார் தாலி முதலில்? என் கழுத்தில் முதலில் ஏறிவிட்டால் அவர்கள் ஏமாற்றுவார்களோ என்று எங்கள் மாமாவுக்குப் பயம். அவர்களுக்கும் அதே பயம். கடைசியில் ரெண்டு தாலியும் ஒரே மேளத்தில் கட்டுவது என்று முடிவு. அடுத்தடுத்த வயல்காரர்கள் வரப்பு அளப்பதைப் போல அளந்து முடித்தார்கள்.

ரெண்டு மணப்பெண்களையும் ஒரே அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். வெல்ல மூட்டை அடுக்கிய அறை. நிலைப்படிக்கு வெளியே பொம்பளைகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், காவலுக்கு. ஆனால் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. பாஞ்சாலை சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிறாள். பதினெட்டு வயது, குச்சி குச்சியாய்க் கை. இவளோடு எனக்கு என்ன பேச்சு? என்னைக் கொடுத்து இவளை வாங்குகிறார்கள்.

பை தயார். பாசஞ்சருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். அண்ணன் பந்தலில் படுத்திருக்கிறான். அவன் முகம் நினைவுக்கு வந்தால் போக முடியாது. அதனால் நினைக்கவில்லை. நினைக்கவில்லை.

அதே ராத்திரி, விடிவதற்கு முன்

அவள் தூங்கவே இல்லை.

நான் பையை எடுத்ததும் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "வரப்பு வழியா போவாதீங்க. மாயவன் வூட்டு நாய் இருக்குது. ஏரிக்கரையில போனா ஸ்டேஷன் கிட்ட."

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்புறம்தான் திரும்பினாள்.

"நீங்க போயிட்டா எம் கல்யாணமும் நின்னு போவும். இல்ல அண்ணி?"

அண்ணி என்றாள். கணக்குப்படி நான் அவளுக்கு அண்ணி, அவள் எனக்கு அண்ணி. இந்த அசிங்கத்துக்கு உறவுமுறை வேறு!

"நல்லதுதானே. கை இல்லாதவனக் கட்டிக்க நீயென்ன ஆசப்பட்டியா?" என்றேன். வேண்டுமென்றே குரூரமாகத்தான் சொன்னேன்.

"ஆசப்பட்டேன்" என்றாள். "ஒரு கை இல்லாதவரு. பாதி அடிதானே விழும்."

சிரிக்கத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ரவிக்கைக் கையை ஏற்றித் தோளில் கன்றிப்போன தடத்தைக் காட்டினாள். நாளை மணமேடையில் உட்காரப் போகிறவளைக்கூடக் கோவிந்தராசு விடவில்லை.

நான் கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"கால் தவறல. அண்ணன் தள்ளவும் இல்ல. அடிச்சாரு, அடிச்சாரு, அண்ணியே போயி விழுந்துட்டாங்க. சத்தம் கேட்டு நான்தான் மொதல்ல ஓடினேன்." பிறகு என் பையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயிட்டா இன்னொருத்தன் எனக்கு வர மாட்டான். மணையிலருந்து எழுந்தவள எவன் கட்டுவான்? நான் இந்த வூட்டுலயே கெடப்பேன். அதுக்குன்னு உங்களப் போவாதீங்கன்னு சொல்ல வாய் வரல. இருந்தா நீங்க கெணத்துக்கு. போனா நான்."

இப்படி ஒரு கணக்கை எந்த ஸ்கூலிலும் போடவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக நான் மட்டும்தான் வெட்டுக்குப் போகிற ஆடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கரை ஏற வேண்டியவள், அதையும் தெரிந்தே வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. அவள் முந்தானையைக் கொடுத்தாள், நான் வாங்கவில்லை.

தூரத்தில் பாசஞ்சர் கூவியது. போயிற்று. ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பாஞ்சாலைதான் சொன்னாள். "அண்ணி, நீங்க தூரம்னு சொல்லிடுங்க."

எதற்கென்று புரியவில்லை.

"தூரமானவள மணையில உக்கார வெக்க மாட்டாங்க. உங்களுது தள்ளிப்போவும். எனக்குக் கட்டி முடிச்சுடுவாங்க. நாளைக்கு வுட்டா ஆடி வந்துடும், அதனால உங்களுக்கு இனி ஆவணிதான். அதுக்குள்ள நீங்க எங்க வேணா போங்க. என்னைத் திருப்பிக் கூப்பிட்டா செத்தாலும் வர மாட்டேன்."

மாதவிலக்கைத் தீட்டு என்று சொல்லும் இந்த ஜனங்களைப் பற்றி எத்தனை பக்கம் திட்டி எழுதியிருக்கிறேன்! இப்போது கிணற்றிலிருந்து ஏற அதுதான் கயிறு.

அவள் பூனை மாதிரி போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தாள். அடியில் சிவப்புத் தண்ணீர் மீதி இருந்தது.

ஜூலை 11, சனி

நடந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

நான் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கோவிந்தராசு பந்தல் காலை உதைத்தான். "அப்ப ரெண்டையும் நிறுத்து! எங்க வூட்டுப் பொண்ண மட்டும் வாங்கிக்கிட்டுப் போவ நான் என்ன கேணையனா?" காசியம்மாளை அனுப்பினான், உண்மைதானா என்று பார்த்து வர.

அவள் விளக்கைக் கிட்டத்தில் வைத்துத் துணியைப் பார்த்தாள். முகர்ந்தாள். மஞ்சள் வாசனை. அது அவள் கையால் கரைத்த தண்ணீர். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அப்புறம் பாஞ்சாலையை. நான் செத்தேன் என்று நினைத்தேன். துணியைச் சுருட்டி என் பக்கம் எறிந்துவிட்டு, வெளியே பார்த்துக் கத்தினாள்: "தூரந்தாண்டா! கிட்ட வராதீங்க!"

அவளும் அந்தக் கிணற்றடியில் தண்ணீர் இறைப்பவள்தானே.

சமைத்த சோறு ஆறு அண்டா. ஜனம் உட்கார்ந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள், பாஞ்சாலையை மணையிலிருந்து எழுப்பினால் பாவம் என்றார்கள். கோவிந்தராசு கடைசியில் ஒன்று கேட்டான்: சாமிதுரை சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் தங்கையைக் கொடுக்கிறேன் என்று. அண்ணன் ஈர வேட்டியோடு கோயில் முன்னால் நின்று கற்பூரத்தை அணைத்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. உண்மையாகவே சத்தியம் செய்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் தனியாக உட்கார வைத்திருந்தார்கள் என்னை. மேளம் கேட்டது. ஒரு தாலி ஏறியது.

ஜூலை 13, திங்கள்

வேலைக்குப் போய்விட்டேன். மேஸ்திரி, "என்னம்மா, மாப்பிள்ள ஓடிட்டானா?" என்றார். நூற்றிருபது கோப்பை.

வீட்டில் பாஞ்சாலை மீன் கழுவுகிறாள், பாடிக்கொண்டு. அண்ணன் சாப்பிட உட்காரும்போது கைமேல் துண்டு போடவில்லை.

ஜூலை 15, புதன்

நாங்கள் எவ்வளவு பெரிய முட்டாள்கள்!

நாளை மறுநாள் ஆடி. புதுப்பெண்ணை ஆடி மாதம் புருஷன் வீட்டில் விடுவார்களா? பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப்போவார்கள். தெருவில் போகிற பிள்ளைக்குத் தெரியும். ஆடி வந்துவிடும், ஆடி வந்துவிடும் என்று எனக்காக எண்ணினோமே தவிர அந்த ஆடி அவளுக்கும் வரும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாமா வந்து அம்மாவிடம் சொன்னார்: "கோவிந்தராசு நாளைக்குச் சீரோட வராரு. அமிர்தத்தை ஆவணியில அனுப்பற அன்னிக்குத்தான் பாஞ்சாலை திரும்பி வரும். அவரு கறாரா சொல்லிட்டாரு."

பாஞ்சாலை அம்மியில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் தேவலாம்.

அண்ணனிடம் சொல்லலாமா? சத்தியம் செய்தவன். சொன்னால் நான் பொய்க்காரி, அவன் பொய்ச் சத்தியக்காரன். சொல்லாவிட்டால்? தூக்கம் வரப்போவதில்லை.

ஜூலை 16, வியாழன்

பத்து மணிக்குக் கோவிந்தராசு வந்தான். தட்டில் புடவை, வாழைப்பழம், வெல்லம். அண்ணன், "ஒரு மாசந்தானே, போயிட்டு வா" என்று அவளிடம் சிரித்தான். ஆறு நாள் புருஷனுக்கு வருகிற வெட்கத்தோடு சிரித்தான்.

நான் நடுவீட்டில் வந்து நின்றேன். என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை.

"தூரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஆரத்தித் தண்ணி. உன்னைக் கட்டிக்கக் கூடாதுன்னு நான் பண்ணது. ஆவணியிலும் கட்டிக்க மாட்டேன், எப்பவும் கட்டிக்க மாட்டேன்."

முதல் அடி கோவிந்தராசுவிடமிருந்து வரவில்லை. அண்ணன் அடித்தான். காதில் இன்னும் ரீங்காரம் இருக்கிறது. அம்மா அலறினாள். கோவிந்தராசு தட்டை எட்டி உதைத்துவிட்டுப் பாஞ்சாலையின் முடியைப் பிடித்தான்.

"நான் வரல" என்றாள் அவள். மெதுவாகத்தான். பிறகு அண்ணனைப் பார்த்து: "அங்க போனா நான் அண்ணி போன எடத்துக்குத்தான் போவேன். கெணறு இன்னும் தூர்க்கல."

அண்ணன் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றான். அவள் தோளைப் பார்த்தான். ஆறு நாளில் அந்தத் தடத்தைப் பார்த்திருப்பான், என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்திருப்பான். போய் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வுடுங்க மச்சான்."

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியேடா, நாயே!"

"பண்ணேன். பாவம் எனக்கு. பொண்டாட்டியும் எனக்கு. முடிய வுட்டுட்டுக் கெளம்புங்க."

தெருவே கூடிவிட்டது. அண்ணன் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. நகரவும் இல்லை. கோவிந்தராசு காறித் துப்பினான், இனி அப்படி ஒரு தங்கை இல்லை என்றான், தலை முழுகிவிட்டேன் என்றான். சொல்லிவிட்டுப் போனான். வெல்லம் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அப்புறம் அண்ணன் என் பெட்டியை எடுத்து வெளியே வைத்தான். "என்னை சாமி முன்னால பொய் சொல்ல வெச்சுட்ட. இங்க இருக்காத."

ஜூலை 17

ஆடி ஒன்று. பெரியநாயகியின் அறையில் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பட்டறையில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். 'ஆரத்தி.' "ஆரத்தி வருது, வழி வுடுங்கடா." அச்சு ஊற்றுகிற பக்கிரி தினமும் சொல்கிறான். இன்று காது ஒட்டிய கோப்பையை அவன் மேல் எறிந்தேன். கோப்பைக்குச் சம்பளத்தில் பிடித்தம். பரவாயில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

அம்மா யாருக்கும் தெரியாமல் வந்தாள். முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். என் தலையைத் தொடவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னலுக்குக் கம்பி இருக்குது, நல்லதுதான்" என்றாள்.

போகும்போது சொன்னாள்: கோவிந்தராசுவுக்குப் போன வாரம் கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்குப் பத்தொன்பது. அந்தப் பெண்ணுக்குத் தம்பி தங்கை நாலு பேர்.

"அவ பேரு என்னம்மா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியாதாம்.

நான் தப்பித்தேன் என்று இங்கே எழுத ரெண்டு முறை பேனாவை வைத்தேன். எழுத முடியவில்லை. நானும் பாஞ்சாலையும் எங்கள் இடத்தைக் காலி செய்தோம். இடம் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அந்த வெல்ல மூட்டை அறையில் அந்தப் பெண்ணை யாருடன் படுக்க வைத்தார்கள்? யாராவது அவளிடம் பேசினார்களா? காசியம்மாளாவது?

செப்டம்பர் 13, ஞாயிறு

பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் புதுப்பெண்ணைப் பார்த்து என்ன சொல்வது? பாதி வழியில் இறங்கிவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

1971 ஜனவரி 24, ஞாயிறு

பெரியநாயகிக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை மங்கலம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறான். அவளே பார்த்து, அவளே பேசி முடித்தது. "நீதான் அனுபவஸ்தி. முந்தின ராத்திரி என்னடி பண்ணணும்?" என்று கேட்டாள். நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு என்றேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

சாயங்காலம் பாஞ்சாலை வந்தாள். ஐந்து மாதம், மூச்சு வாங்குகிறது. அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"உங்க கூட இருக்கறவங்க கல்யாணம் ஆயிப் போயிட்டா, நீங்க தனியாவா இருப்பீங்கன்னு அவரு கேட்டாரு."

ஆறு மாதமாக அண்ணன் என்னைத் தெருவில் பார்த்தாலும் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறவன்.

"எங்கிட்ட கேக்கச் சொன்னானா?"

"இல்ல. சைக்கிளத் தொடச்சிக்கிட்டே தானா பேசிக்கிட்டிருந்தாரு. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்." நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்க வரேன்னு சொன்னேன். போவாதன்னு சொல்லல. அதான் வந்தேன்."

நான் யோசித்தேன். ரொம்ப நேரம் இல்லை.

"தனியாதான் இருப்பேன்னு சொல்லு."

அவள் தலையாட்டினாள். தெரு முனை வரை கூடப் போனேன். அங்கே புளிய மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் ஏறி உட்காரும் வரை திரும்பவில்லை. நான் நிற்பது தெரிந்தும் உடனே மிதிக்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனான்.